ரேடியேட்டருக்குப் பொன்னாடை

என் கணவர் சேதுராமன் மலாக்காவில் ஊருக்குத் தண்ணீர் விடும் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஊரின் தாகத்தைத் தீர்க்கிற மனிதருக்குச் சொந்தக் காரின் தாகத்தைத் தீர்க்கத் தெரியவில்லை என்று நாங்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இன்னும் காரமாகச் சொல்லியிருப்பேன்.

அது 1934ஆம் வருடத்துச் சீமைக் கார். மேல்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். சின்ன உருவம், பெரிய முகவிளக்குகள், ரேடியேட்டர் மூடியின்மேல் சூடு காட்டுகிற வட்டக் கண்ணாடி ஒன்று. தண்ணீர் சூடேறினால் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு மேலே ஏறும். என் மாமனார் இருபத்தெட்டு வருடம் பால் மரம் சீவிய ரப்பர்த் தோட்டத்துத் துரை வைத்திருந்த வண்டி. துரை கப்பலேறியபோது என் கணவர் அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா கையால் தொடக்கூட முடியாத வண்டியில் மகன் ஏறி உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அதை விற்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

திட்டாமல் என்ன செய்வது? கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்தக் காரில் ஏறி ஓர் இடத்துக்காவது நேரத்தோடு போய்ச் சேர்ந்ததில்லை. செமாபோக்கில் என் ஒன்றுவிட்ட அக்கா மல்லிகாவின் கல்யாணத்துக்குப் போனோம். வழியில் மூன்று இடத்தில் கொதித்தது. மூன்று இடத்திலும் மூடியைத் துணி சுற்றித் திறந்து, ஆவி அடங்கக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மலாக்காச் செட்டிகள். கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். எங்கள் கார் புகை கக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, "சுடா மாசாக்?" என்று கேட்பாள். சமைத்தாகிவிட்டதா என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

கொதிப்பதற்குக் காரணம் என்ன என்பதை என் கணவர் தினமும் சோறு பிசைந்துகொண்டே எனக்கு விளக்குவார். அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் தண்ணீரைத் தள்ளிவிட பம்ப் கிடையாதாம். இஞ்சினில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குள் வரவேண்டும். முன்னாலிருந்து வீசும் காற்றில் ஆறி, கனத்து, கீழே இறங்கி, மறுபடி இஞ்சினுக்குள் போகவேண்டும். சீமைக் குளிரில் அது ஒழுங்காகப் போய்வரும். மலாக்கா வெயிலில் தண்ணீருக்கே சோம்பல் வந்துவிடும். அதுவும் வண்டி மெதுவாகப் போனால் காற்று வராது, காற்று வராவிட்டால் தண்ணீர் ஆறாது. தட்டுதான் ரேடியேட்டர், ரசம்தான் தண்ணீர். விளக்கம் முடிவதற்குள் ரசம் நன்றாக ஆறிப்போயிருக்கும்.

1957ஆம் வருடம் ஜூன் மாதம் காஜா பெராங் தமிழர் நற்பணி மன்றம் கூடியது. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, நம்மவர்களும் ஓர் ஊர்வலம் நடத்த வேண்டும் என்று தீர்மானம். காஜா பெராங்கில் புறப்பட்டு, கூபு வழியாகப் போய், ஆற்றுப் பாலம் தாண்டி, ஜாலான் பெண்டஹாராவில் நுழைந்து, பண்டார் ஹிலிர் திடலில் முடிவது. மன்றத் தலைவர் மருதப்பச் செட்டியார் திறந்த காரில் நின்று கையசைத்துக்கொண்டு வருவது. செட்டியாருக்குப் பெண்டஹாராவில் துணிக்கடை. அவரிடம் புத்தம் புதிய கார் இருந்தது. ஆனால் மனிதர் நடக்கிற வேகத்தில் இரண்டு மைல் ஓட்டினால் புதிய கார் கெட்டுப்போகும் என்று அவருக்குப் பயம். ஏற்கெனவே கெட்டுப்போன கார் ஒன்று ஊரில் இருக்கிறதே என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தலைவரய்யா, என் காடி வரும். பாடாங் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவ கொதிச்சாலும், மறுநாளே கொண்டுபோய் பெசிபுரோக் கடையில போட்டுர்றேன்!"

காடி என்றால் கார், பாடாங் என்றால் திடல், பெசிபுரோக் கடை என்றால் பழைய இரும்பு வாங்கும் கடை. செட்டியார் மேசையைத் தட்டி ஆமோதித்தார். மன்றத்தின் செயலாளர் சுப்புராமன், தும்மினாலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுகிறவர், அதை உடனே தீர்மானமாகப் பதிந்து இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது. என்னை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீடு பட்டறையாகிவிட்டது. முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்தால் போதும் என்றார். சோடாத் தூளைக் கரைத்து ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, பழுப்பு நிறத்தில் வந்ததையெல்லாம் வடித்தார். அழுக்கு போனது. போனபிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது அந்த அழுக்குதான் என்று. ஏழு இடத்தில் ஒழுகியது. சில சங்கங்களில் பழைய நிர்வாகிகளை எடுத்துவிட்டால் ஆவதுபோல ஆயிற்று.

அடுத்து யாரோ யோசனை சொன்னார்கள், முட்டையின் வெள்ளைக் கருவை ஊற்றினால் சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று. நான் கேக் செய்ய வைத்திருந்த ஆறு முட்டையும் போயிற்று. அன்றைக்குப் பார்த்து வெள்ளிக்கிழமை. சாமி கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தால் காரிலிருந்து அவித்த முட்டை வாசனை. ஓட்டை அடைபட்டது உண்மைதான். கூடவே தண்ணீர் போகிற வழியும் அடைபட்டுவிட்டது.

கடைசியில் ஆ லியோங்கிடம் போனார். ஆ லியோங் கூபுவில் ரேடியேட்டர்களுக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சீனர். அதிகம் பேசமாட்டார். காரைச் சுற்றி வந்து, மூடியைத் திறந்து முகர்ந்து, "தெலோர்?" என்று மட்டும் கேட்டார். முட்டையா என்று அர்த்தம். என் கணவர் தரையைப் பார்த்தார்.

இரண்டு மாதம் அந்தக் கடையே கதி என்று கிடந்தார். பழைய ரேடியேட்டரின் மேல்தொட்டியையும் கீழ்த்தொட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்த குழாய் அடுக்கைத் தூக்கி எறிந்தார்கள். முன்பு இரண்டு வரிசைக் குழாய்கள். இப்போது நான்கு வரிசை, இடையிடையே மெல்லிய பித்தளைத் தகடுகள். பட்டாளத்தார் விட்டுப்போன லாரி ஒன்றிலிருந்து தண்ணீர் பம்ப் கழற்றி வந்தார்கள். அதை இஞ்சின் முன்னால் பொருத்த இரும்பில் ஒரு தாங்கி அடித்தார்கள். பம்பின் மூக்கில் நான்கு இறக்கை வைத்த காற்றாடி. இரண்டையும் சுற்ற ஒரு பெல்ட். இனி தண்ணீர் தானாகப் போக வேண்டியதில்லை, பம்ப் தள்ளிவிடும். காற்றும் முன்னாலிருந்து வீசக் காத்திருக்க வேண்டியதில்லை, காற்றாடி ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுத்துவிடும். இதையும் எனக்கு ரசத்தைக் காட்டித்தான் விளக்கினார். இந்தத் தடவை முருங்கைக்காய்தான் பம்ப்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஆ லியோங் ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "அங்கின் ஜாங்கான் துத்துப்." காற்றை மட்டும் மூடிவிடாதே. இதைச் சொல்லிவிட்டு ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். என் கணவர் கோயிலில் மந்திரம் வாங்கிக்கொள்கிறவர்போலத் தலையாட்டினார்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் செங் போகிற சாலையில் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து, அதன் பின்னாலேயே மாடு நடக்கிற வேகத்தில் ஓட்டினார். நான் மடியில் தண்ணீர்த் தகரத்தோடு உட்கார்ந்திருந்தேன். வண்டிக்காரர் கலியாணசுந்தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு மைல் போனதும் பொறுக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டார்.

"என்னா சார், எதுக்கு என் பின்னாலயே வர்றீங்க? லைசென்ஸ் வச்சிருக்கேன் சார்."

"ஒண்ணும் இல்ல அண்ணே. நீங்க பாட்டுக்குப் போங்க. கொஞ்சம் இன்னும் மெதுவாப் போனா நல்லது."

கலியாணசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஆனால் செங் போய்ச் சேரும்வரை சிவப்புக் கோடு பாதிக் கண்ணாடியைத் தாண்டவில்லை. தகரத்தில் ஒரு சொட்டுக் குறையவில்லை. திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்தாள். ஆவியைக் காணாமல் ஏமாந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊர்வல நாள் வந்தது. மூன்று மணிக்கு மன்றத்து வாசலில் கார் பளபளவென்று நின்றது. முன்னிருக்கையில் சுப்புராமன், நோட்டும் திறந்த பேனாவுமாக. பின்னால் தலைவர் நிற்பதற்கு இடம். எனக்கு இடமில்லை. இலாகாக் குமாஸ்தாவின் மனைவி தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்து வரலாம் என்று நிர்வாகக் குழு பெரிய மனதோடு அனுமதித்திருந்தது.

செட்டியார் கோட்டும் டையுமாக வந்து இறங்கினார். காரைப் பார்த்தார். மனம் நெகிழ்ந்துவிட்டது. நம்மவர்களுக்கு மனம் நெகிழ்ந்தால் என்ன செய்வார்கள் என்று சொல்லவா வேண்டும்? முதலில் ஒரு கிண்ணம் சந்தனம் வந்தது. காருக்கு நெற்றி எது? ரேடியேட்டர்தான். நாலு வரிசைக் குழாயும் பித்தளைத் தகடும் மறைய, கை கையாக அள்ளிச் சந்தனத்தை அப்பினார்கள். நடுவில் குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. குறுக்கே 'மெர்டேக்கா வாழ்க' என்று, மலாயில் சுதந்திரத்தை வாழ்த்தி எழுதிய துணி. அதற்குமேல் நான்கு மாலைகள். கடைசியில் செட்டியார் தம் கையாலேயே ஒரு சரிகைப் பொன்னாடையை விரித்து ரேடியேட்டரின் முகத்தில் போர்த்தி, இரண்டு முனையையும் முகவிளக்குகளின் பின்னால் சணல் போட்டுக் கட்டினார். ஆடையின் கரையில் அவர் துணிக்கடையின் பெயர் பெரிதாக நெய்யப்பட்டிருந்தது, சாலையைப் பார்த்தபடி.

"வண்டின்னா வெறும் இரும்புன்னு நெனைக்காதீங்க," என்று பேச்சும் தொடங்கிவிட்டார். "இதுவும் ஒரு தொண்டர்!"

கைதட்டல். என் கணவர் கைகூப்பி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"தலைவரய்யா, காத்து..." என்றார் மெல்ல.

"காத்தா? தெறந்த காடிதானே சேது, நல்லா ஜிலுஜிலுன்னு வருது. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"இல்லய்யா, இந்தப் பொன்னாடைய மட்டும் கொஞ்சம்..."

செட்டியாரின் முகம் மாறியது. "போர்த்துன பொன்னாடைய நிகழ்ச்சி முடியுறதுக்குள்ள எடுக்கிறது போர்த்துனவனுக்கு அவமானம். மன்றத்துல இத்தன வருஷம் இருக்க, இது தெரியாதா?"

என் கணவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய கஷ்டம். முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று சவால்விடத் தெரியும். ஒரு பெரிய மனிதரிடம் முடியாது என்று சொல்ல மட்டும் வாய் வராது. போய் இஞ்சினை முடுக்கினார்.

ஊர்வலம் நகர்ந்தது. முன்னால் மேளம், பின்னால் கோலாட்டப் பெண்கள், நடுவில் கார். நான் தகரத்தோடு ரேடியேட்டர் பக்கமாக நடந்தேன். பாதிக் கண்ணாடியைத் தாண்டாத சிவப்புக் கோடு கூபு வருவதற்குள்ளேயே முக்காலைத் தொட்டுவிட்டது. புதிய காற்றாடி அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதுதான் வினையாக முடிந்தது. அது உள்ளே இழுத்த இழுப்பில் பொன்னாடை சந்தனத்தோடு சேர்ந்து ரேடியேட்டரில் அப்பிக்கொண்டது. ஈ நுழையக்கூட வழியில்லை.

"என்னங்க, துணிய எடுத்துரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம், வேணாம். தலைவர் பாக்கிறாரு."

"அப்ப காடி போயிருமே!"

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில் சுப்புராமன் சாலையையோ கூட்டத்தையோ பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நிமிடத்தில் கொதித்தது என்று குறிக்க வேண்டுமாம். மேலே செட்டியார் இரண்டு கையையும் ஆட்டி, "மெர்டேக்கா!" என்று முழங்கினார்.

பாலம் தாண்டி ஜாலான் பெண்டஹாராவில் திரும்பியபோது கோடு உச்சிக்கு ஒரு நூல் கீழே நின்றது. மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு சீறல் கேட்டது. ஒன்பது வருடம் கேட்ட சத்தம். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். என் கணவரைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. மேளக்காரர்கள் செட்டியாரின் துணிக்கடை வாசலில் மரியாதைக்காக நின்று வாசித்தார்கள். காரும் நின்றது. வாசல் முழுக்க அவர் உறவும் வாடிக்கையும் நின்றிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தகரத்தைக் கீழே வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். சணலை அறுத்துப் பொன்னாடையை உருவினேன். மாலைகளைக் கழற்றினேன். மெர்டேக்காத் துணியை மட்டும் மரியாதையாகச் சுருட்டிக் கோலாட்டப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தேன்.

"ஏ ஆத்தா! என்ன பண்ற நீ!" என்று செட்டியார் அலறினார். "போர்த்துன பொன்னாடைய..."

நான் பின்கதவின் மிதிபலகையில் ஏறி நின்றேன். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"தலைவரய்யா, இரும்புக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாத? இத்தன வருஷம் இந்த மன்றத்துக்கு ஒழச்சது நீங்க. உங்க கடை வாசல்லயே, உங்க சொந்தபந்தம் முன்னாலயே, எங்க குடும்பத்து சார்புல இந்தப் பொன்னாடைய உங்களுக்குப் போர்த்துறேன்!"

போர்த்தினேன். சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்த பக்கம் அவர் கழுத்துப் பக்கம் போயிற்று. நான்கு மாலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். கடை வாசலில் கைதட்டல் விண்ணைப் பிளந்தது. அவருடைய மனைவி சிகப்பி ஆச்சிதான் அதிகமாகத் தட்டினார். செட்டியார் வேறு வழியில்லாமல் கைகூப்பினார்.

நான் இறங்கி வந்து கொண்டை ஊசியை உருவித் தகடுகளுக்கிடையே சந்தனத்தைச் சுரண்டினேன். தகரத்துத் தண்ணீரை வெளிப்பக்கமாக ஊற்றிக் கழுவினேன். "இஞ்சின நிறுத்திராதீங்க, பம்ப் ஓடட்டும்," என்றேன். அவர் நிறுத்தவில்லை. சந்தனத் தண்ணீர் பெண்டஹாரா சாலையில் மஞ்சளாக ஓடியது. கூட்டத்தில் நின்ற ஆ லியோங் மட்டும், "அங்கின், அங்கின்!" என்று சொல்லிச் சிரித்தார்.

சீறல் அடங்கியது. சிவப்புக் கோடு முதலில் நின்றது. பிறகு யோசித்தது. பிறகு இறங்கியது. மேளம் நகர்ந்தபோது காரும் நகர்ந்தது, மாடு நடக்கிற வேகத்தில், ஒரு துளி ஆவி இல்லாமல்.

ஆவி வந்தது செட்டியாருக்குத்தான். கோட்டு, டை, அதன்மேல் சரிகை ஆடை, அதன்மேல் நாலு மாலை, நாலு மணி வெயில். நிகழ்ச்சி முடியும்வரை எடுக்கக்கூடாது, அது போர்த்தியவர்களுக்கு அவமானம். திடல் வந்தபோது அவர் முகம் குங்குமத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கையசைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார். இறங்கியதும் நேராக மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, மூன்று சோடா குடித்தார். சுப்புராமன் நோட்டில், "திடல் சேரும்வரை கொதிக்கவில்லை," என்று எழுதி, யார் கொதிக்கவில்லை என்று குறிப்பிட வேண்டுமா என என்னிடம் வந்து கேட்டார். கார் என்று எழுதச் சொன்னேன்.

என் கணவர் காரைவிட்டு இறங்கவேயில்லை. கூட்டம் அந்தப் பக்கம் போனபிறகு முன்கதவைத் திறந்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. வண்டி தப்பித்த சந்தோஷம் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பம்ப் ஓடட்டும்னு சொன்னியே. நான் சோத்துக்கு ஒக்காந்து பேசுனதெல்லாம் நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"பின்ன? வேற யாரு கேக்கிறது?" என்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கியர்ப்பெட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது என்னவென்றால் என்று ஆரம்பித்தார். நான் என்ன வினையை விலைக்கு வாங்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு இருபத்தாறு வருடம் பேசினார். கியர்ப்பெட்டி, பிரேக், கார்புரேட்டர், ஒன்றையும் விடவில்லை. இருபத்தாறு வருடமும் கேட்டேன். இப்போது சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சத்தமே இல்லை, ரசம் சுடச்சுட இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.